லினக்ஸில் கேம் ஓடுமா? ஒரு துபாஷியின் கதை

"மாமா, லினக்ஸ் போட்டா கேம் ஓடுமா?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுடைய கணினி சில வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. இன்டெலின் 6ஆம் தலைமுறை ஐ5 புராசஸர், ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு. இந்த புராசஸர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட அவனுக்கு மனசில்லை. புதிது வாங்கித்தர அக்காவுக்கு மனசில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ்தான் மிச்சமிருந்த வழி.

எந்தக் கேம் என்று கேட்டேன். மூன்று சொன்னான்: விட்சர் 3, ஜிடிஏ 5, வாலரண்ட். "முதலாவது ஓடும், இரண்டாவது பாதி ஓடும், மூன்றாவது ஓடவே ஓடாது" என்றேன்.

"என்ன மாமா, ஜோசியம் மாதிரி சொல்றீங்க?"

ஜோசியம் இல்லை. விண்டோஸுக்காக எழுதிய ஒரு கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்தக் கேமைப் பற்றியும் ஓரளவுக்கு நீங்களே இப்படிச் சொல்லிவிடலாம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஒரு கேமுக்குள் என்னதான் இருக்கிறது? படம், ஒலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நிரலை மட்டும் பார்த்தால் அதில் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். ஒன்று, புராசஸருக்கு நேரடியாகச் சொல்லும் கட்டளைகள்: இதைக் கூட்டு, அதோடு ஒப்பிட்டுப் பார், அங்கே தாவு. இவற்றுக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதமே கிடையாது. ஒரே புராசஸர், ஒரே கட்டளை. இரண்டாவது வகை, இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகள். கேம் தானாகப் போய் ஹார்டு டிஸ்கைத் தொட முடியாது, திரையில் கோடு போட முடியாது. "இந்தக் கோப்பைத் திறந்து கொடு", "எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று சொல்", "இந்த முக்கோணத்தை வரை" என்று ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். விண்டோஸ் கேம் இதையெல்லாம் விண்டோஸின் பாஷையில் கேட்கும். லினக்ஸுக்கு அந்தப் பாஷை தெரியாது. கேம் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அப்படியானால் நடுவில் ஒரு துபாஷி இருந்தால் போதுமே?

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். கவர்னருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, வந்து நிற்பவருக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால் காரியம் நடந்துவிடும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் வைன். 1993-இல், விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களை ஓட்டுவதற்காகத் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் அதைத் தலைமை தாங்கி நடத்திவருகிறார். 1.0 என்று எண் போட்டு வெளியிட்டது 2008-இல். பதினைந்து வருடம்!

ஏன் அத்தனை காலம்? விண்டோஸின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் வெளியே காட்டுவதில்லை. வைன்காரர்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் விண்டோஸ் என்ன பதில் சொல்கிறது என்று வெளியிலிருந்தே சோதித்துப் பார்த்து, அதே பதிலைச் சொல்லும் நிரலைப் புதிதாக எழுத வேண்டும். அதுவும் சரியான பதிலை மட்டும் சொன்னால் போதாது. விண்டோஸ் சில இடங்களில் கோணல்மாணலாக நடந்துகொள்ளும், அந்தக் கோணலை நம்பியே எழுதப்பட்ட கேம்கள் இருக்கும். ஆகவே துபாஷி அந்தக் கோணலையும் பிசகாமல் செய்துகாட்ட வேண்டும்.

வைனை எமுலேட்டர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பழைய பிளேஸ்டேஷன் கேமைக் கணினியில் ஆட எமுலேட்டர் போட்டிருப்பீர்கள். அங்கே அந்தப் பெட்டியின் புராசஸரையே மென்பொருளால் நடித்துக்காட்ட வேண்டும், கட்டளைகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் தர வேண்டும். அதனால் கணினிக்கு மூச்சு வாங்கும். வைனில் அந்தச் சிக்கல் இல்லை. முதல் வகைக் கட்டளைகள் நேராக உங்கள் புராசஸருக்கே போகின்றன. கோரிக்கைகளுக்கு மட்டும்தான் துபாஷி. 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்று பெயருக்கே விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்றால், இந்தக் கேள்வியால் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

கேம் 'சி' டிரைவைத் தேடும் அல்லவா? லினக்ஸில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே வைன் ஒரு சாதாரண ஃபோல்டரைக் காட்டி, "இதுதான் உன் சி டிரைவ்" என்று சொல்லிவிடும். உள்ளே புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ், யூசர்ஸ் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சினிமா செட் மாதிரி. கேமுக்குச் சந்தேகமே வராது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கும் ஒவ்வொரு கேமுக்கும் இப்படித் தனித்தனியாக ஒரு செட் போடப்படுகிறது. இது எதற்குத் தெரிய வேண்டுமென்றால், பல கேம்களில் நீங்கள் சேமித்த ஆட்டமும் அந்தச் செட்டுக்குள்தான் கிடக்கும். இடம் போதவில்லை என்று 'காம்ப்டேட்டா' என்ற ஃபோல்டரை யோசிக்காமல் அழித்தால், நாற்பது மணி நேர உழைப்பு போச்சு.

கோப்பு, கீபோர்டு எல்லாம் சுலபமான பகுதி. கஷ்டம் படம் வரைவதில் இருந்தது. விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் வழியாகத்தான் கிராபிக்ஸ் கார்டோடு பேசும். நொடிக்கு அறுபது முறை முழுத் திரையையும் வரைய வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள். துபாஷி கொஞ்சம் திக்கினாலும் ஆட்டம் நொண்டும். வைன் நெடுங்காலம் இதை ஓபன்ஜிஎல் என்ற பாஷைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இலக்கணம் ஒத்துவராததால், ஓடினாலும் ஊர்ந்துதான் ஓடியது.

2016-இல் வல்கன் வந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு மிக அருகில் நின்று பேசும், யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் பாஷை. அதை வைத்து பிலிப் ரெபோலே என்ற நிரலாளர் டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பானை எழுத ஆரம்பித்தார். டைரக்ட்எக்ஸ் 11-இல் கேட்பதை வல்கனில் சொல்லும். முன்பு ஊர்ந்த கேம்கள் திடீரென்று விண்டோஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், லினக்ஸ் கேமிங்கின் கதையை டிஎக்ஸ்விகேவுக்கு முன், பின் என்று இரண்டாகவே பிரித்துவிடலாம்.

இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. 2022 பிப்ரவரி 25-இல் எல்டன் ரிங் என்ற கேம் வெளியானபோது, கணினியில் அது திடீர் திடீரென்று திக்கியது. விண்டோஸ்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். லினக்ஸ் பக்கத்திலோ மொழிபெயர்ப்பான் திறமூலமாக, அதாவது யாரும் திறந்து திருத்தும்படி, கையில் இருந்தது. வால்வ் நிறுவனத்தின் நிரலாளர்கள் அதிலேயே திருத்தம் போட்டு அந்தத் திக்கலைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம், விண்டோஸைவிட லினக்ஸில் வழுக்கிக்கொண்டு போனது. எப்போதும் இப்படி நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில கேம்கள் கொஞ்சம் மெதுவாகவே ஓடும். என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 கேம் ஆடுபவர்களிடம் அந்தப் புகார் அடிக்கடி கேட்கும்.

வால்வ் இதற்குள் எப்படி வந்தது? ஸ்டீம் கடையை நடத்துவது அவர்கள்தான். கடை முழுக்க விண்டோஸ் என்ற அடுத்தவர் நிலத்தில் நிற்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையோடு வந்தபோது, வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதை வெளிப்படையாகவே சாடினார். அவர் மைக்ரோசாஃப்டிலேயே பல வருடம் வேலை பார்த்தவர் என்பது இதில் கூடுதல் காரம். 2013-இல் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015-இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் பெட்டிகள் வந்தன. வந்த சுவடு தெரியாமல் போயின. லினக்ஸுக்கென்று தனியாகக் கேம் செய்து தாருங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டார்கள். ஆள் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். ஆட வருபவர்களோ கேம் எங்கே என்று கேட்டார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். இதற்கு முன்னால், 1998-இல் தொடங்கிய லோக்கி என்ற நிறுவனமும் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்றுப் பார்த்து 2002-இல் மூடிவிட்டது.

இந்த முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே தாண்டிப் போனதுதான் 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான். கேம் நிறுவனம் எதுவுமே செய்ய வேண்டாம், விண்டோஸ் கேமை அப்படியே கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு. புரோட்டான் என்பது புதிதாக ஒன்றுமில்லை. வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில துண்டுகள் எல்லாவற்றையும் கட்டி ஸ்டீமுக்குள் வைத்த மூட்டை. முதல் நாளில் சரிபார்த்து அறிவித்த கேம்கள் வெறும் 27. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றவற்றையும் முயன்று பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பெட்டி முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. அதை வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் ஆடுவது லினக்ஸில் என்பதே தெரிந்திருக்காது.

லினக்ஸுக்கென்றே செய்த கேம்களும் இருக்கின்றன. கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் நேரடியாகவே ஓடும். திறமூலக் கேம் வேண்டுமென்றால் வீட்டுக் குழந்தைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், உங்களுக்கு 0 ஏ.டி. பின்னதில் மௌரியர்களும் ஒரு தரப்பு, யானைப்படையோடு. அப்புறம் ஒரு வேடிக்கை: பழைய கேம்களில் லினக்ஸ் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு இரண்டும் இருந்தால், சில சமயம் விண்டோஸ் பதிப்பை புரோட்டானில் ஓட்டுவதுதான் உத்தமம். லினக்ஸின் நூலகங்கள் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்க, விண்டோஸின் பழைய பாஷை மாறாமல் நிற்பதால் வந்த வினை.

சரி, வாலரண்டுக்கு வருவோம். இவ்வளவு கெட்டிக்காரத் துபாஷி இருந்தும் அது ஏன் ஓடாது?

இணையத்தில் பலரோடு மோதும் கேம்களில் சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் மென்பொருள், தானாகக் குறிபார்த்துச் சுடும் மென்பொருள் என்று ஏமாற்று வேலைகள் ஏராளம். அதைப் பிடிக்க ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருளைக் கேமோடு சேர்த்து அனுப்புகிறார்கள். ஏமாற்றுபவர்கள் இயங்குதளத்தின் ஆழமான அடுக்கில் ஒளிந்துகொள்ள ஆரம்பித்ததால், காவலரும் அங்கேயே குடியேறினார். அந்த அடுக்குக்குக் கெர்னல் என்று பெயர். வாலரண்டின் வேன்கார்டு அப்படிப்பட்டது. கணினி உயிர்பெறும்போதே விண்டோஸின் கெர்னலுக்குள் போய் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிடும்.

வைன் என்ன செய்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கேம் கேட்பதற்கு விண்டோஸ் சொல்வது போலப் பதில் சொல்கிறது. ஆனால் உள்ளே விண்டோஸின் கெர்னல் என்று ஒன்று இல்லவே இல்லை, இருப்பது லினக்ஸின் கெர்னல். துபாஷி பேச்சைத்தான் மாற்றித் தர முடியும். "கோட்டைக்குள் என் ஆளை நிறுத்தி ஒவ்வொரு அறையையும் சோதிப்பேன்" என்று ஒருவர் வந்து நின்றால், அவர் கேட்கும் கோட்டையே அங்கே இல்லாதபோது துபாஷி என்ன செய்வார்? லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல வருடம் வைனில் நன்றாக ஓடியது. 2024-இல் அதற்கும் வேன்கார்டு வந்தது, அன்றோடு சரி.

எல்லாக் காவலர்களும் இப்படிக் கறாரானவர்கள் இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் 2021 முதல் புரோட்டானோடு வேலை செய்யத் தயார். ஆனால் கேம் நிறுவனம் "சரி, அனுமதிக்கிறேன்" என்று தன் பக்கத்தில் சொல்ல வேண்டும். சிலர் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்தது, லினக்ஸுக்கு அனுமதி தரவில்லை. அதனால்தான் 'பாதி ஓடும்' என்றேன்: தனியாக ஆடும் கதைப் பகுதி ஓடும், ஆன்லைன் கிடையாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முதலில் அனுமதித்துவிட்டு, ஏமாற்றுபவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தியது. ஃபோர்ட்நைட்டும் கிடையாது. ஈஸி ஆன்டி-சீட்டும் ஃபோர்ட்நைட்டும் ஒரே எபிக் நிறுவனத்துடையவை என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. லினக்ஸில் கெர்னலையே நீங்கள் மாற்றி எழுதிக்கொள்ளலாம், அதுதான் திறமூலத்தின் அழகு. அதே காரணத்தால் காவலருக்கு அந்த வீட்டில் எதையும் நம்ப முடிவதில்லை. ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். அந்த மூன்று பேருக்காகத் தனியாக ஆள் போட்டுக் காவல் காக்க வேண்டுமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு ஆட்டத்துக்காக என் கணினியின் அடிவயிறு வரைக்கும் ஒருவரை விடுவது எனக்குச் சம்மதமில்லை. அது என் சொந்தக் கருத்து. அக்கா மகனுக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

கிராபிக்ஸ் கார்டு வல்கன் 1.3 தெரிந்ததாக இருக்க வேண்டும், இப்போதைய டிஎக்ஸ்விகே அதை எதிர்பார்க்கிறது. இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் என்றால் 6ஆம் தலைமுறையிலிருந்து தாராளமாக முயலலாம். ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்று தனியாக எதையும் தேட வேண்டாம், லினக்ஸோடு கூடவே வந்துவிடும். என்விடியாவுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸின் வகைகளான மின்டிலும் உபுண்டுவிலும் அதற்கென்றே ஒரு சாளரம் இருக்கிறது, நாலு கிளிக்கில் முடியும். எந்த லினக்ஸ் என்று குழம்ப வேண்டாம். முதன்முறை என்றால் மின்ட் போதும். கேம் ஆடுவதுதான் முக்கிய வேலை என்றால் பஸைட்டைப் பாருங்கள், ஸ்டீம் எல்லாம் முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பார்கள்.

பிறகு ஸ்டீமை நிறுவி, வழக்கம்போலக் கேமை இறக்கி, பிளே பொத்தானை அழுத்துங்கள். ஓடவில்லை என்றால் கேமின் பெயரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். முதல்முறை 'வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன' என்று கொஞ்ச நேரம் உட்கார வைக்கும். படம் வரைவதற்கான சிறு நிரல்களை உங்கள் கார்டுக்கு ஏற்றபடி அப்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது. ஆட்டத்தின் நடுவில் திக்குவதைவிட அது மேல். காசு கொடுத்து வாங்கும் முன் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆடியவர்களே பிளாட்டினம், கோல்டு என்று மதிப்பிட்டு, என்ன செய்தால் ஓடியது என்றும் எழுதியிருப்பார்கள். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருள் இருக்கிறது. மற்றதுக்கெல்லாம் லூட்ரிஸ்.

நான் பட்ட அவதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் டி டிரைவில் ஏற்கெனவே கேம்கள் இருந்தன. எதற்கு மறுபடி நூறு ஜிபி இறக்க வேண்டும் என்று, லினக்ஸ் ஸ்டீமுக்கு அந்த டிரைவையே காட்டினேன். பட்டியல் அழகாக வந்தது. பிளே அழுத்தினால் பொத்தான் ஒரு விநாடி நிறம் மாறி மறுபடி பழையபடி ஆகிவிடும். பிழை என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு ராத்திரி போனது. காரணம் அந்தச் சினிமா செட்தான். 'சி:' என்று முக்காற்புள்ளியோடு ஒரு இணைப்பை அதற்குள் உருவாக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் பெயருக்குள் முக்காற்புள்ளி செல்லாது. கேமை லினக்ஸின் சொந்த டிஸ்க் பகுதிக்கு மாற்றினேன், மறு நிமிடம் ஓடியது. கேம்களுக்கு லினக்ஸ் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அக்கா மகன் மின்ட் போட்டுவிட்டான். விட்சர் 3 ஓடுகிறது. ஜிடிஏயில் கதை போய்க்கொண்டிருக்கிறது. வாலரண்டுக்காக மட்டும் ஒரு பழைய எஸ்எஸ்டியில் விண்டோஸை விட்டுவைத்திருக்கிறான், நண்பர்கள் கூப்பிட்டால் அதில் பூட் செய்வான். அதில் பேங்க் பக்கமே போகாதே என்று சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குத்தான் என் மேல் கோபம். லினக்ஸ் போட்டால் கேம் ஓடாது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை நம்பித்தான் அவள் சம்மதித்திருக்கிறாள்.